கடன் தீர்ந்த பிறகும் நகராதவர்: ஒரு விசைத்தறித் தொழிலாளியின் நிகழ்வு ஆய்வு

சேலம் மாவட்டத்தின் மேற்கே, ஜலகண்டாபுரத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து 43 வயதான விசைத்தறித் தொழிலாளி ஒருவரை 2023 ஜூலையில் அவருடைய மனைவி எங்கள் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். வயிற்றெரிச்சல், தலைப்பாரம், உடல்வலி, தூக்கமின்மை ஆகியவையே சீட்டில் எழுதப்பட்டிருந்த தொல்லைகள். மனைவி சொன்ன தொல்லை வேறாக இருந்தது: "உக்காந்தா உக்காந்த எடந்தானுங்க மேடம். தறிக்கொட்டாய் பூட்டி மூணு மாசமாச்சு. வேற வேலைக்குக் கூப்புடறாங்க, போறதில்லை. போக மாட்டேன்னும் சொல்றதில்லை."

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. மறுப்பு என்பதும் ஒரு செயல்தான். இவர் மறுக்கவும் இல்லை. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின. அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன்.

வாழ்க்கை வரலாறு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையின் பின்னால் தறிக்கொட்டகைக்குள் நுழைந்தவர் இவர். முதலில் குறுக்கிழை நூலைத் தாரில் சுற்றும் வேலை, பிறகு பாவு எனும் நெடுக்கிழைகளைப் பிணைத்தல், 19 வயதில் சொந்தப் பொறுப்பில் தறி ஓட்டுதல் என்று வளர்ந்து, கடைசிப் பத்தாண்டுகளாக 12 மணி நேர முறைக்கு நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை கணக்கு. திருமணத்தின்போது முதலாளியிடம் வாங்கிய 15,000 ரூபாய் முன்பணம், மகள்களின் பிரசவம், தந்தையின் மருத்துவச் செலவு, இறுதிச் சடங்கு என்று ஏறி, 2023இல் 1,40,000 ரூபாயாக நின்றது.

விசைத்தறி வட்டாரத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இந்த முன்பணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. இது வங்கிக் கடன் போன்றதன்று. கடன் நிற்கும் வரை தொழிலாளி அந்தக் கொட்டகையை விட்டு வேறு கொட்டகைக்குப் போக முடியாது; போக வேண்டுமானால் புதிய முதலாளி பழைய முதலாளிக்குப் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார், கடனும் ஆளோடு கூடவே போகும். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு)ச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் இவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, "அதெல்லாம் செங்கல் சூளையிலங்க" என்றார்.

என் ஆய்வுக்கு முக்கியமாகப் பட்டது கடனின் அளவைவிட, அது குறைந்த விதமும் கூடிய விதமும்தான். வாரக்கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. ஆனால் எவ்வளவு பிடிப்பது என்பதை அந்த வாரத்துச் சரக்கு நிலவரமே தீர்மானித்தது. மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் தறி பாதி நேரம் நின்றது. 2020இல் பொது முடக்கம். அதற்கடுத்த ஆண்டுகளில் நூல் விலை ஏறியதால் பாவே வராத வாரங்கள். கூடுதலாக ஓட்டிய வாரத்தில் கடன் கூடுதலாகக் குறைந்ததா என்று கேட்டேன். "அது நம்ம கணக்குல இல்லீங்க" என்றார். கணக்குப் புத்தகம் அவர் கையில் இல்லை என்ற பொருளிலா, அப்படி ஒரு எண்ணமே தனக்கு வந்ததில்லை என்ற பொருளிலா அவர் சொன்னார் என்பதை நான் திரும்பக் கேட்கவில்லை. இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும்.

இவர் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்தவர் அல்லர். மனைவியும் மைத்துனரும் தனித்தனியே சொன்னதை ஒப்பிட்டுப் பார்த்ததில் மூன்று முயற்சிகள் தெளிவாகத் தெரிந்தன. 26 வயதில் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். 11ஆம் நாள் முதலாளியின் ஆட்கள் தந்தையிடம் வந்து பேசியதும் திரும்ப வேண்டியதாயிற்று. சில ஆண்டுகள் கழித்துப் பகல் தறியோடு இரவுத் தறியும் ஓட்டிக் கடனைப் பாதியாக்கினார். அந்த ஆண்டே தந்தை படுத்த படுக்கையாகிவிட, கடன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது, ஊரில் போட்ட சீட்டு. சீட்டு நடத்தியவர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் முயன்றதாக யாருக்கும் நினைவில்லை.

2023 ஏப்ரலில் முதலாளி தொழிலை முடித்துக்கொண்டு தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்றார். எஞ்சிய கடனை இனிக் கேட்கமாட்டேன் என்று நான்கு பேர் முன்னிலையில் சொல்லி, வெற்றுத்தாளில் வாங்கி வைத்திருந்த கையெழுத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். 24 ஆண்டுகளாக இருந்த கட்டு ஒரு மதியத்தில் அவிழ்ந்தது. அன்று எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் தோணலைங்க மேடம். வீட்டுக்கு வந்து படுத்துக்கிட்டேன்."

பரிசோதனைகள்

தைராய்டு, சர்க்கரை, இரத்தச்சோகை, வைட்டமின் பி12 ஆகியவற்றில் சொல்லும்படியான குறை இல்லை. வயிற்றுக்காக ஏற்கெனவே இரண்டு இடங்களில் பார்த்திருந்தார்கள். உள்நோக்கிப் பரிசோதனையில் லேசான இரைப்பை அழற்சி தவிர வேறொன்றும் இல்லை. உடல்வலிக்காகக் கடையில் வாங்கித் தின்ற மாத்திரைகளே அதற்குப் போதுமான காரணம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 அளவுகோலில் 27க்கு 17. மிதமான நிலையைத் தாண்டிக் கடுமையை நெருங்கும் மதிப்பு அது. தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டபோது, திட்டமோ விருப்பமோ இல்லை, ஆனால் "இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்ற எண்ணம் உண்டு என்றார். மனைவியிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசி, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். சனிக்கிழமைகளில் குடிக்கும் வழக்கம் இருந்தது. மூன்று மாதங்களாக அதுவும் இல்லை. மனைவி இதை நல்ல செய்தியாகச் சொன்னார். "குடிக்கக்கூடத் தோணலைங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு அது அப்படிப் படவில்லை.

கேட்டல் சோதனையை எடுக்கச் சொன்னது மனநல மருத்துவர். உயர் அதிர்வெண் ஒலிகளில் இரு காதுகளிலும் கணிசமான இழப்பு இருந்தது. கால் நூற்றாண்டு தறிச் சத்தத்தில் நின்றவருக்கு எதிர்பார்க்கக்கூடியதுதான். "கூப்பிட்டாத் திரும்பறதில்லை" என்ற மனைவியின் குறையில் ஒரு பங்கு மனச்சோர்வு அன்று, காது. மனநலப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் மனதிலேயே தேடும் பழக்கம் இருக்கிறது. அதை நானும் விட்டபாடில்லை.

பெட்டியும் நாடாவும்

இவரை மனச்சோர்வு நோயாளி என்று மட்டும் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் கதவு திறந்த பிறகும் ஒருவர் நகராமல் இருப்பது, உளவியலில் ஒரு குறிப்பிட்ட பரிசோதனையை நினைவூட்டாமல் போகாது.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு நாய்களுக்கு மின்னதிர்ச்சி வரும். தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நிற்கும். இரண்டாம் குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அவை என்ன செய்தாலும் எதுவும் நிற்காது, முதல் குழு நாய் அழுத்தும்போதுதான் அவற்றுக்கும் நிற்கும். மூன்றாம் குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை. அடுத்த நாள் மூன்றையும் நடுவில் தாழ்ந்த தடுப்புள்ள இரட்டைப் பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். முதல் குழுவும் மூன்றாம் குழுவும் விரைவில் தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் குழுவில் பெரும்பான்மை சிறிது நேரம் அலைந்துவிட்டு, படுத்து, முனகிக்கொண்டே அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் சோதித்த ஏறத்தாழ 150 நாய்களில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி ஆயின. ஒரு பங்கு ஆகவில்லை. இந்த ஒரு பங்கைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி தருமா என்பது ஐயமே.

முதல் இரு குழுக்களும் வாங்கிய வலியில் வேறுபாடு இல்லை. வேறுபட்டது ஒன்றே ஒன்று: செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு இருந்ததா, இல்லையா. ஆய்வாளர்கள் இதைக் கற்றுக்கொண்ட இயலாமை என்று அழைத்தார்கள். தமிழில் கையறுநிலை என்றொரு பழைய சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் அது புரவலனை இழந்தவர்கள் பாடும் துறை. செய்வதற்குக் கையில் எதுவும் இல்லாமல் போவது என்ற அதன் நேர்ப்பொருள், எனக்கு இந்த மனிதரின் முன் பொருத்தமாகவே பட்டது.

அந்த இரட்டைப் பெட்டியின் ஆங்கிலப் பெயரில் 'ஷட்டில்' என்ற சொல் வருகிறது. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவின் பெயர்தான் அது. 24 ஆண்டுகள் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றவரைப் பற்றி எழுதும்போது இது கண்ணில் படாமல் போகவில்லை.

தறிக்கொட்டகைக்கு இன்னும் நெருக்கமானது, டொனால்ட் ஹிரோட்டோ 1974இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்கு உரத்த இரைச்சலைக் கேட்கச் செய்தார். ஒரு குழுவினரால் பொத்தானை அழுத்தி அதை நிறுத்த முடிந்தது. இன்னொரு குழுவினரால் முடியவில்லை. பிறகு வேறொரு எளிய கருவியில் இரைச்சலை நிறுத்தும் வாய்ப்பு வந்தபோதும் இரண்டாம் குழுவினரில் பலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதே காலத்தில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோர் செய்த ஆய்வுகளில், நிறுத்தும் பொத்தான் கையருகே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதை ஒரு முறைகூட அழுத்தாதபோதும் பின்னால் வந்த கடினமான வேலைகளில் கூடுதல் விடாமுயற்சி காட்டினார்கள். இதைப் படித்த பிறகு அவரிடம் கேட்டேன்: தறியை நிறுத்தும் பிடி உங்கள் கையில்தானே இருந்தது? சிரித்தார்; அந்த மூன்று மாதங்களில் நான் பார்த்த முதல் சிரிப்பு. "பிடி நம்ம கையிலதான். நிறுத்துனா மீட்டர் போயிருமே." அழுத்தினால் தண்டனை வரும் பொத்தானை எந்த ஆய்வகமும் வைத்துப் பார்த்ததாக நான் படித்ததில்லை. தறிக்கொட்டகையில் அது இருந்தது.

நான் செய்த தவறு

மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் தொடங்கினார். உளவியல் சிகிச்சை என் பொறுப்பு. லின் ஆப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகியோர் 1978இல் இந்தக் கோட்பாட்டைத் திருத்தி எழுதியபோது, ஒருவர் தன் தோல்விக்குக் காரணம் சொல்லும் முறையை நடுவில் வைத்தார்கள். காரணம் என்னிடத்திலா வெளியிலா, நிலையானதா மாறக்கூடியதா, எல்லாவற்றையும் தொடுவதா இந்த ஒன்றை மட்டும் தொடுவதா என்ற மூன்று கேள்விகள் அவை. நான் இதைப் பிடித்துக்கொண்டேன். எண்ணங்களை எழுதிவைக்கும் தாள்களைக் கொடுத்து, நடந்ததையும் மனதில் வந்ததையும் அதற்கு மாற்றாகச் சொல்லக்கூடியதையும் வாரந்தோறும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

மூன்று வாரங்கள் தாள்கள் வெறுமையாகவே வந்தன. நான்காம் வாரம் மகள் எழுதிக் கொடுத்த ஒரு வரி இருந்தது: "எல்லாம் தலையெழுத்து."

இந்தச் சொல்லை அந்த மூன்று கேள்விகளுக்குள் வைத்துப் பார்ப்பது சுவையான வேலை. தலையெழுத்து என்பது வெளியிலிருந்து எழுதப்பட்டது. எனவே குற்றவுணர்வு தருவதில்லை. அவரும் தன்னைத் தானே நொந்துகொண்டவர் அல்லர். பாடநூல்கள் சொல்லும் மனச்சோர்வு நோயாளியிடமிருந்து அவர் வேறுபட்டது இங்கேதான். ஆனால் அது நிலையானது, எல்லாவற்றையும் தொடுவது. பழியிலிருந்து அவரைக் காப்பாற்றிய அதே சொல் அசைவையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று முயற்சிகளும் முறிந்த வரலாற்றை வைத்துக்கொண்டு பார்த்தால், அது அவர் கண்டதிலிருந்து எடுத்த நேர்மையான முடிவு. ஏப்ரல் வரைக்கும் அந்த முடிவு சரியாகவும் இருந்தது. அந்த நிலையில் ஒருவரிடம் வேறு மாதிரி நினைத்துப் பாருங்கள் என்று தாளை நீட்டியது, சிகிச்சை என்ற பெயரில் நான் செய்த பிழை.

மைத்துனரும் தன் பங்குக்கு முயன்றார். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் அவர், "வா மாப்ள, மலைக்கு வந்தா எல்லாம் சரியாப் போயிரும்" என்று வாரம் தவறாமல் தொலைபேசியில் அழைத்தார். இந்தக் கட்டத்தில்தான் 1968ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இயலாமைக்கு ஆளான நாய்களை மீட்க செலிக்மனும் மேயரும் ஜேம்ஸ் கியரோடு சேர்ந்து முயன்ற விவரம் அது. தடுப்பை எடுத்துவிட்டார்கள், மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள், தின்பண்டம் போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அவை அசையவில்லை. கழுத்தில் கயிறு கட்டி, திரும்பத் திரும்ப, மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போன பிறகே பயன் கிடைத்தது. போகப் போக இழுக்க வேண்டிய பலம் குறைந்து, கடைசியில் அவை தாமாகவே தாண்டின.

தடுப்பு ஏப்ரலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. மைத்துனர் மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உடலில் நடப்பது

1960களின் பிற்பகுதியிலிருந்து ஜே வைஸ் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள், கட்டுப்படுத்த முடியாத அதிர்ச்சி இரைப்பைப் புண்ணைக் கூட்டுவதையும் மூளையில் நார் அட்ரினலின் என்ற வேதிப்பொருளின் இருப்பைக் குறைப்பதையும் காட்டின. அதன் பின் நெடுங்காலம் இந்தத் துறையின் உயிரியல் பாதி மேயரின் உழைப்பில் வளர்ந்தது. உளவியல் படித்த அவர் நரம்பியல் பக்கம் போய், மூளைத்தண்டில் இருக்கும் ராஃபே உட்கரு என்ற சிறிய நரம்பணுக் கொத்தைப் பின்தொடர்ந்தார். மூளைக்கு செரட்டோனினை அனுப்பும் முதன்மை ஊற்று அது. தப்ப முடியாத அதிர்ச்சியின்போது இந்த நரம்பணுக்கள் மிகையாகத் தூண்டப்பட்டு, அடுத்த சில நாட்களுக்குச் சிறிய தூண்டலுக்கும் பெரிதாக எதிர்வினை காட்டும் நிலைக்குப் போகின்றன. அந்த மிகையே அச்சத்தைக் கூட்டி, தப்பிக்கும் இயக்கத்தை அடக்குகிறது. செரட்டோனின் என்றால் மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள், அது குறைந்தால் சோர்வு என்று வார இதழ்களில் வரும் கணக்கு இங்கே ஒத்துவராது. ராஃபேயில் அது கூடும்போதுதான் எலி உறைகிறது.

2005இல் ஹோசே அமாட், மேயர், லிண்டா வாட்கின்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்ட முடிவுதான் எல்லாவற்றையும் புரட்டியது. நெற்றிப்புறப் புறணியின் நடுப்பகுதியிலிருந்து ராஃபேவுக்கு வரும் இழைகள் அதை அடக்கும் வேலையைச் செய்கின்றன. தன் செயலால் அதிர்ச்சி நிற்கிறது என்று எலி உணரும்போது இந்த இழைகள் இயங்கி ராஃபேயை அமைதிப்படுத்துகின்றன. அந்தப் பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தால், தப்பிக்க முடிந்த எலியும் தப்ப முடியாத எலியைப் போலவே சோர்ந்துபோகிறது. பின்னர் வந்த ஆய்வில், தப்ப முடியாத அதிர்ச்சியின்போது அதே பகுதியைச் செயற்கையாகத் தூண்டியபோது எலி பாதிக்கப்படவே இல்லை.

இதையெல்லாம் சேர்த்து, செலிக்மனும் மேயரும் 2016இல், முதல் பரிசோதனைக்கு ஐம்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயில், தங்கள் கோட்பாட்டைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். நீண்ட வலிக்கு முன் உறைந்துபோவது கற்றுக்கொண்டது அன்று. பாலூட்டிகளின் மூளையில் அது ஏற்கெனவே இருக்கும் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு நேர் எதிரானது: என் கை பட்டால் மாறும் என்ற அறிவு. அந்த அறிவு வரும்போதுதான் மேலிருந்து கீழே அடக்கும் இழைகள் வேலை செய்கின்றன. ஒரு முறை வந்த அறிவு, பின்னால் வரும் கட்டுப்படுத்த முடியாத வலியிலிருந்தும் எலியைக் காப்பாற்றுகிறது.

எலி மூளையில் கண்டதை அப்படியே எடப்பாடி வட்டத்து மனிதர் ஒருவரின் மேல் ஏற்றுவது சரியன்று. அவருக்கு எந்த மூளைப் படமும் எடுக்கப்படவில்லை. எலியிடம் ஒரே ஒரு அமர்வின் விளைவு இரண்டு மூன்று நாட்களில் மறைந்துவிடுகிறது. நாய்களிடம் இடைவெளி விட்டுப் பல முறை அதிர்ச்சி கொடுத்தபோதுதான் அது நிலைத்தது. இவருக்குச் சனிக்கிழமைதோறும் கணக்குப் பார்த்தார்கள். ஆயினும் 2016ஆம் ஆண்டின் திருத்தம் என் வேலைக்குத் தந்த வழி தெளிவாக இருந்தது. இவரிடமிருந்து அழிக்க வேண்டிய தவறான பாடம் எதுவும் இல்லை. வர வேண்டிய ஒரு பாடம் 24 ஆண்டுகளாக வரவில்லை. அந்தப் பாடம் காது வழியாக வராது, கை வழியாகத்தான் வரும்.

மலையில்

செப்டம்பரில் தாள்களை நிறுத்திவிட்டு, நாள் திட்டத்தோடு செயலைத் தொடங்கும் முறைக்கு மாறினோம். முதல் இரண்டு வாரம் காலையில் மைத்துனரின் மகன் வந்து கையைப் பிடித்து எழுப்பி, மாரியம்மன் கோயில் வரை நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டான். விருப்பம் வரட்டும், பிறகு போகலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. மாத்திரைக்கும் அந்த நேரத்தில் ஆறு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. தூக்கம் சீரானதில் அதற்குப் பங்கு இருந்திருக்கும். மனச்சோர்வுக்கு மருந்தா செயலா என்று பிரித்துப் பேசுவது இந்த நோயாளியைப் பொறுத்தவரை எனக்குத் தேவைப்படவில்லை.

அக்டோபரில் பக்கத்துக் கொட்டகையில் பாவு பிணைக்க ஆள் வராத ஒரு நாள் அவரைக் கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் முனையோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கும் வேலை. முன்பணம் இல்லை, பிடித்தம் இல்லை, மாலையில் கையில் காசு. மறுநாளும் போனார். இந்தச் செய்தியை மனைவிதான் சொன்னார். கணவரோ அதைச் சொல்லும்படியான ஒன்றாக நினைக்கவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் மைத்துனர் நேரில் வந்து, பேருந்தில் பக்கத்தில் உட்கார வைத்து, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார். சேர்வராயன் மலையில் அரபிகா பழம் சிவந்து பறிப்பு நடக்கும் காலம் அது. பழம் பறிக்க அனுப்பாமல் களத்தில் போடச் சொல்லி நான் கேட்டிருந்தேன். தோலுரித்து, புளிக்க வைத்து, கழுவிய கொட்டைகளைக் களத்தில் பரப்பி, நேரத்துக்கு நேரம் கிளறிவிட்டு, ஈரம் இறங்கக் காயவைக்க வேண்டும். அந்த மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பனிமூட்டம் ஏறிவரும். எப்போது தார்ப்பாயை இழுத்து மூடுவது, எப்போது திறப்பது என்று களத்தில் இருப்பவரே முடிவெடுக்க வேண்டும். சரியாக மூடினால் கொட்டை காய்கிறது, தவறினால் நனைகிறது. விளைவு மாலைக்குள் தெரிந்துவிடும். இப்படி ஒரு வேலையை நான் யோசித்து உருவாக்கியிருக்க முடியாது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு பிற்பகல் மழை அவரை முந்திக்கொண்டது. ஒரு பாத்தி முழுக்க நனைந்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் இறங்கி ஊருக்கு வந்து நான்கு நாட்கள் படுத்துவிட்டார். "பாத்தீங்களா மேடம், நம்ம கை பட்டா இப்படித்தான்" என்று தொலைபேசியில் சொன்னார். தலையெழுத்து போய், முதன்முறையாக நம்ம கை என்று வந்தது. மோசமான வாக்கியம்தான். ஆனால் விளைவைத் தன் கையோடு இணைத்து அவர் சொன்ன முதல் வாக்கியமும் அதுவே. அதை ஆறுதல் சொல்லித் துடைக்காமல், எந்தப் பக்கத்திலிருந்து மூட்டம் ஏறியது, தார்ப்பாய் எங்கே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், தார்ப்பாய் களத்தின் கீழ்க்கோடியில் கிடந்ததையும் அதை எடுத்துவர ஓடிய நேரத்தையும் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். ஐந்தாம் நாள் மைத்துனர் மறுபடி வந்து கூட்டிப்போனார். நனைந்த பாத்திக்காகத் தோட்டத்தில் கூலி பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இந்த அறிக்கையின் எஞ்சிய பகுதி வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. தார்ப்பாய்களை இரண்டு கோடிகளிலும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அவரே செய்ததாக ஜனவரியில் மைத்துனர் சொன்னார்.

கடைசிச் சந்திப்பு

2024 பிப்ரவரியில் பி.எச்.க்யூ-9 மதிப்பு 6. தூக்கம் ஆறு மணி நேரம். வயிற்றெரிச்சல் குறைந்திருக்கிறது, வலி மாத்திரையை நிறுத்தியதால் என்று மருத்துவரும், மலைக்காற்றால் என்று அவரும் சொல்கிறார்கள். முதன்முறையாகத் தனியாக வந்திருந்தார். அடுத்த தேதியாக நான் எழுதிய மார்ச் முதல் வாரத்தை, மிளகு பறிப்பு இருக்கிறது என்று சொல்லி மூன்றாம் வாரத்துக்கு மாற்றக் கேட்டார். மாற்றிக்கொண்டோம்.

முதலாளி திருப்பிக் கொடுத்த கையெழுத்துத் தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பீரோவில் இருப்பதாகச் சொன்னார், கிழிக்கவில்லை. மாத்திரையை இன்னும் சில மாதங்களுக்கு இதே அளவில் தொடர்வது என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். கேட்கும் கருவிக்கான பரிந்துரைச் சீட்டை அக்டோபரிலேயே கொடுத்திருந்தோம். கருவியை இன்னும் அவர் வாங்கவில்லை.